ஓவர்டைம் நின்னு போச்சு: பயந்துக்கிட்டு உட்காராம இப்பவே என்ன செய்யலாம்?

சிப்புட் செல்வி கேட்டது:

வணக்கம். நாங்க இருக்கிறது மலேசியாவுல, பேரா மாநிலத்துச் சுங்கை சிப்புட் பக்கம், பழைய தோட்டத்து வீடமைப்பு. வீட்டுக்காரருக்குக் கையுறைத் தொழிற்சாலையில ஏழு வருஷ சர்வீஸ். ஓவர்டைமோட மாசம் 2,600 வெள்ளி (ரிங்கிட்) வந்தது, இப்ப ஓவர்டைம் நின்னு 2,100தான். ஒரு லைனை மூடிட்டாங்க, ஆள் குறைப்பு வரும்னு பேச்சு.

ஆள் குறைப்பு வந்தா எவ்வளவு கிடைக்கும், அதுக்கு முன்னாடி என்ன எடுத்து வைக்கணும்? நாலு பேர் வீட்டுக்குச் சாமான் செலவை எதுல குறைக்கிறது? பிள்ளைங்க சாப்பாட்டுல கை வைக்கக் கூடாது. இன்னொண்ணு, ராத்திரியில போன்ல பொருளாதாரச் செய்தியாப் படிச்சுப் படிச்சுத் தூக்கமே போகுது. எதைப் படிக்கணும், எதை விடணும்? பேப்பர் வாங்குறதை நிறுத்திடலாமா?

சங்கக் கணக்கு எழுதியது:

தங்கச்சி, சாமான் கணக்குக்கு முன்னால் தாள் கணக்கைப் பாருங்கள். அரிசியில் மாதம் இருபது வெள்ளி மிச்சம் பிடிப்பது பெரிய காரியம்தான். ஆனால் ஒரு தப்பான கையெழுத்தில் பல ஆயிரம் வெள்ளி போய்விடும்.

ஆபீசுக்குக் கூப்பிட்டு ஒரு கடிதத்தை நீட்டினால் முதலில் அதன் தலைப்பைப் படிக்கச் சொல்லுங்கள். ‘பெர்லெத்தாக்கான் ஜாவாத்தான்’ (வேலையிலிருந்து விலகல்) என்றோ, சொந்த விருப்பத்தில் விலகுகிறேன் என்றோ இருந்தால் கையெழுத்துப் போடவே கூடாது. “இப்படிப் போட்டால் பேர் கெடாது, அடுத்த கம்பெனியில் சுலபமாக எடுப்பார்கள்” என்று இனிக்க இனிக்கப் பேசுவார்கள். தானாக விலகியவருக்குப் பணிநீக்க இழப்பீடும் கிடையாது, சொக்சோ என்ற சமூகப் பாதுகாப்பு அமைப்பின் வேலைக் காப்புறுதியும் கிடையாது. “வீட்டில் படித்துவிட்டு நாளைக்குத் தருகிறேன்” என்று சொல்லித் தாளைக் கையோடு கொண்டுவர வேண்டும். ‘பெம்பெர்ஹெந்தியான்’, ‘லெபிஹான் பெக்கெர்ஜா’ என்ற சொற்கள் இருந்தால் அது ஆள் குறைப்புக் கடிதம். வாங்கிக்கொண்ட தேதியைப் பக்கத்தில் எழுதி, பெற்றுக்கொண்டேன் என்ற பொருளில் மட்டும் கையெழுத்துப் போடலாம்.

விருப்ப விலகல் திட்டம் வேறு கதை. கம்பெனியே திட்டம் அறிவித்து, அதன்கீழ் போகிறார் என்று கடிதத்தில் இருந்தால் காப்புறுதி உண்டு. பெயர் ஒன்றுபோல இருப்பதால் நிறையப் பேர் இங்கேதான் குழம்புகிறார்கள்.

இழப்பீட்டுக்கு 1980ஆம் ஆண்டு விதிமுறைதான் அடிப்படை. 12 மாதம் தொடர்ச்சியாக வேலை செய்திருக்க வேண்டும், சம்பளம் 4,000 வெள்ளிக்கு மேல் போகக்கூடாது. சர்வீஸ் 2 வருடத்துக்குக் கீழே என்றால் வருடத்துக்கு 10 நாள் சம்பளம். 2 முதல் 5 வருடத்துக்குள் 15 நாள், 5 வருடமும் அதற்கு மேலும் 20 நாள். ஏழு வருடத்துக்கு 20 பெருக்கல் 7, ஆக 140 நாள் சம்பளம். முழு வருடம் ஆகாத மாதங்களுக்கும் விகிதப்படி சேரும். நாள் சம்பளத்தைக் கடைசி 12 மாதச் சராசரியில்தான் போடுவார்கள். ஓவர்டைம் இல்லாத மாதங்கள் கூடக்கூட அந்தச் சராசரி இறங்கும் என்பதால் எல்லாச் சம்பளச் சீட்டையும் வைத்திருங்கள். வேலை முடிந்த 7 நாளுக்குள் இந்தப் பணம் கைக்கு வர வேண்டும்.

நோட்டீஸ் இதற்குள் அடங்காது, அது தனி. ஆள் குறைப்பு என்றால், ஒப்பந்தத்தில் குறைவாகப் போட்டிருந்தாலும், 5 வருடமும் அதற்கு மேலும் உள்ளவருக்குக் குறைந்தது 8 வாரம். நாளைக்கே வர வேண்டாம் என்றால் அந்த 8 வாரச் சம்பளத்தையும் தர வேண்டும். “எல்லாம் சேர்த்து இவ்வளவு” என்று ஒரே தொகையைச் சொன்னால் பிரித்து எழுதித் தரச் சொல்லுங்கள். தொழிற்சங்கக் கூட்டு ஒப்பந்தம் இருந்து, அதில் கூடுதலாகப் போட்டிருந்தால் அதுதான் செல்லும்.

பலருக்குத் தெரியாத ஒன்று. ஆளை நிறுத்தாமல், “வேலை இல்லை, கூப்பிட்டால் வா” என்று வீட்டில் உட்கார வைப்பார்கள். தொடர்ந்து 4 வாரத்தில் மொத்தம் 12 வேலை நாளாவது வேலை கொடுக்காமல், அந்த நாட்களுக்குச் சம்பளமும் கொடுக்காமல் விட்டால் அதுவும் சட்டப்படி ஆளை நிறுத்திவைத்ததுதான், இழப்பீடு கேட்கலாம். எந்தெந்த நாள் திருப்பி அனுப்பினார்கள் என்று காலண்டரில் குறித்துக்கொண்டே வாருங்கள். சம்பளமில்லா விடுப்புக்கும் அடிப்படைச் சம்பளக் குறைப்புக்கும் தொழிலாளியின் சம்மதம் வேண்டும்.

ஆளைத் தேர்ந்தெடுப்பதிலும் முறை உண்டு. அதே வேலையில் வெளிநாட்டுத் தொழிலாளி இருக்கும்போது உள்நாட்டுக்காரரை முதலில் அனுப்பக் கூடாது. மற்றபடி கடைசியில் சேர்ந்தவர் முதலில் போவதுதான் வழக்கம். கம்பெனி 30 நாளுக்கு முன்பே தொழிலாளர் இலாகாவுக்கு, ஆள் குறைப்பை அறிவிக்கும் பி.கே. பாரத்தை அனுப்பியாக வேண்டும்.

இனிச் சொக்சோ. எஸ்.ஐ.பி. (வேலைக் காப்புறுதி) என்று சம்பளச் சீட்டில் தனியாக ஒரு சின்னப் பிடித்தம் இருக்கும், தொழிலாளி 0.2, முதலாளி 0.2 விழுக்காடு. வேலை போன நாளிலிருந்து 60 நாளுக்குள் மனுப் போட வேண்டும். முதல் தடவை கேட்பவருக்கு முந்தைய 24 மாதத்தில் 12 மாதச் சந்தா இருந்தால் போதும். 2018இல் நடப்புக்கு வந்த சட்டம் வைத்த அளவுப்படி முதல் மாதம் சம்பளத்தில் 80 விழுக்காடு, இரண்டாம் மாதம் 50, மூன்றிலும் நான்கிலும் 40, ஐந்திலும் ஆறிலும் 30. 2,100 வெள்ளிக்கு அது 1,680, 1,050, 840, 840, 630, 630. சந்தா மாதங்களைப் பொறுத்து எத்தனை மாதம் என்பது கூடும் குறையும், 6 மாதம்தான் உச்சம். முதல் மாதத்துக்கும் மூன்றாம் மாதத்துக்கும் இடையே பாதியாகிவிடுகிறது பாருங்கள். செலவுத் திட்டத்தை 840ஐ வைத்துப் போடுங்கள், 1,680ஐ வைத்துப் போடாதீர்கள்.

கையில் இருக்க வேண்டியவை: மைகார்டு (அடையாள அட்டை) நகல், வேலை நியமனக் கடிதம், ஓவர்டைம் இருந்த மாதங்களையும் சேர்த்து 12 மாதச் சம்பளச் சீட்டு, அவர் பெயரிலேயே உள்ள வங்கிக் கணக்கு. வேலை தேடியதற்கான பதிவையும் மாதாமாதம் இணையத்தில் காட்ட வேண்டும், அதை விட்டால் பணம் நின்றுவிடும்.

கடைசியாக ஒன்று. ஈ.பி.எஃப். (ஊழியர் சேமநிதி) இணையக் கணக்கான ஐ-அக்காவுனில் ஒவ்வொரு மாதமும் பாருங்கள். போன மாதச் சந்தாவை இந்த மாதம் 15ஆம் தேதிக்குள் முதலாளி கட்ட வேண்டும், சம்பளம் 7ஆம் தேதிக்குள். சீட்டில் பிடித்தம் காட்டி, கணக்கில் ஏறாமல் இருந்தால் கம்பெனியின் கைப்பணம் வற்றுகிறது என்று அர்த்தம். மேலிடம் கூட்டம் போட்டுச் சொல்வதற்கு முன்னால் இதுதான் சொல்லும்.

பாசார் கூடை எழுதியது:

செல்விம்மா, சாமானைப் பத்தி நான் சொல்றேன். நாலு பேர்ல ரெண்டு பிள்ளைங்கன்னு வச்சுக்கிறேன்.

எல்லாத்தையும் கொஞ்சம் கொஞ்சம் குறைக்காதீங்க, அது ரெண்டு வாரம்கூடத் தாங்காது. எங்க விலை கட்டுப்பாட்டுல இருக்கோ அங்க கூடையை நிரப்பணும், இல்லாத இடத்துல அளவு பார்க்கணும். சீனி கிலோ 2.85, பாக்கெட் பாமாயில் கிலோ 2.50, உள்ளூர் வெள்ளரிசி 10 கிலோ 26 வெள்ளி, 14 கிலோ கேஸ் தோம்பு 26.60 (தூரத்துக்குக் கொண்டுவரும் கூலி தனி). பாக்கெட் கோதுமை மாவும் மானிய விலைதான், ஒரு கிலோ 1.35.

பாக்கெட் எண்ணெய் கடையில வந்த அன்னைக்கே தீர்ந்திடும். என்னைக்கு லாரி வருதுன்னு கேட்டு வச்சுக்குங்க. வீட்டுக்கு வந்ததும் காய்ஞ்ச போத்தல்ல ஊத்திடுங்க, அந்தப் பிளாஸ்டிக் ஊசிமுனை பட்டாலே கசியும். போத்தல்ல ஒரு சொட்டுத் தண்ணி இருந்தாலும் எண்ணெய் சீக்கிரம் சிக்கு வாடை அடிக்கும்.

உள்ளூர் அரிசிக்கும் இறக்குமதி அரிசிக்கும் விலையில நல்ல வித்தியாசம் வரும். “குழையுது”ன்னு சொல்லி நிறையப் பேர் விட்டுடுறாங்க. புது அரிசி தண்ணி குறைவாத்தான் கேட்கும். ஒரு கோப்பை அரிசிக்கு வழக்கமா ஒன்றரை வைப்பீங்கன்னா இதுக்கு ஒன்றேகால்ல ஆரம்பிச்சுப் பாருங்க, குக்கர் அணைஞ்சதும் பத்து நிமிஷம் மூடியே விட்டுக் கிளறுங்க. பிரியாணிக்கு ஒத்து வராது, சாம்பார் சோத்துக்கு நல்லாவே இருக்கும்.

மலிவா இருக்கேன்னு நாலு மூட்டை வாங்கி அடுக்காதீங்க. நம்ம ஊரு ஈரத்துக்கு வண்டு வந்திடும். முட்டை அரிசிமணிக்கு உள்ளேயே இருக்கும், வெளியே தெரியாது. ஒரு மாசத்துக்கு ரெண்டு மூட்டை போதும். பழசுக்கு மேல புதுசைக் கொட்டக் கூடாது. டின்னைக் காலி பண்ணிக் கழுவி, வெயில்ல காய வச்சுப் பிறகு கொட்டுங்க. பருப்பு, ரவை, கடலை மாவை வாங்கினதும் மூணு நாலு நாள் பிரீசர்ல வச்சு எடுத்தா முட்டை செத்துடும். எடுத்த உடனே பொட்டலத்தைத் திறக்காதீங்க, வெளியே இருக்கிற ஈரம் உள்ளே படியும். அறைச் சூட்டுக்கு வந்த பிறகு டப்பாவுல போடுங்க.

புரதத்துக்கு முட்டையும் பருப்பும்தான் கை கொடுக்கும். முட்டையில ஏ கிரேடு 60 கிராமுக்கு மேல, பி 55க்கு மேல, சி 50க்கு மேல. குழம்புல உடைச்சு ஊத்த, ஆம்லெட் போட சி போதும். விலையைக் கிராமுக்கு வகுத்துப் பார்த்து எடுங்க, சில வாரம் பி தான் லாபமா வரும். சாம்பாருக்கு நாலு பேருக்கு 150 கிராம் பருப்பு. மைசூர் பருப்பு குக்கர் இல்லாமலே இருபது நிமிஷத்துல வெந்திடும். துவரம் பருப்புன்னா அரை மணி நேரம் ஊற வச்சுப் போடுங்க, கேஸ் மிச்சம். சார்டின் டின்ல பெரிய எழுத்துல போட்டிருக்கிற எடையைப் பார்க்காதீங்க, சாறு வடிச்ச எடைன்னு சின்னதாப் போட்டிருக்கும், அதைப் பாருங்க.

பெரிய பொட்டலம் எப்பவும் மலிவுன்னு நம்பாதீங்க. 400 கிராம் மால்ட் மாவு 7.60ன்னா நூறு கிராம் 1.90. அதே சாமான் 900 கிராம் 18 வெள்ளின்னா நூறு கிராம் 2 வெள்ளி. போன்ல ஒரு தடவை வகுத்தாப் போதும். உள்நாட்டு வாணிப அமைச்சோட பிரைஸ்கேட்சர் செயலியில பக்கத்துக் கடைகளோட விலையையும் ஒப்பிடலாம்.

பாசார் மாலாமுக்கு (ராத்திரிச் சந்தை) ஒன்பது மணிக்கு மேல போனா கீரை, வெண்டிக்காய், தக்காளியெல்லாம் கூறு கட்டிக் கொடுப்பாங்க. அந்த நேரத்துல மீன் மட்டும் வாங்காதீங்க, நாள் முழுக்க ஐஸ் கரைஞ்சு கரைஞ்சு இருந்தது. கெம்போங் மீனை விரலால அமுக்கினா வயிறு குழிஞ்சே நின்னுச்சுன்னா வேண்டாம். முருங்கை, கறிவேப்பிலை, பசளி மூணும் வீட்டு ஓரத்துல இருந்தா வாரத்துக்கு மூணு நாள் கீரைக்குக் காசே வேணாம். பசளி ஒரு சாண் தண்டை நட்டாலே பிடிச்சிடும்.

அரசாங்கத்தோட எஸ்.டி.ஆர். ரொக்க உதவி பெறுற குடும்பம்னா, சாமான் வாங்கக் கொடுக்கிற சாரா உதவி மைகார்டுல வந்திருக்கான்னு பாருங்க. அதுல குறிப்பிட்ட வகைச் சாமான்தான் வாங்க முடியும், அதனால அரிசி, முட்டை, சவர்க்காரத்தை அதுல எடுத்துட்டு ரொக்கத்தை மீனுக்கும் காய்க்கும் வச்சுக்குங்க. பால், முட்டை, பழத்துல பிள்ளைங்க பங்கைத் தொட வேணாம். குறைக்கணும்னா பாக்கெட் தின்பண்டம், கார்பன் பானம், கடைச் சாப்பாடு. ஒரு வாரம் ரசீதையெல்லாம் சேர்த்துப் பாருங்க, ஓட்டை எங்கேன்னு நீங்களே கண்டுபிடிச்சிடுவீங்க.

சிப்புட் செல்வி:

ரொம்ப நன்றி அண்ணே, நன்றிக்கா. மோட்டார் தவணை ஒண்ணு இருக்கு, கடைக் கொப்பியில கடன் 400 வெள்ளிக்கு மேல நிக்குது. வட்டிக்குக் கொடுக்கிறவங்க வீட்டுப் பக்கம் சீட்டு ஒட்டிட்டுப் போறாங்க. ஒருத்தர் வாட்ஸ்அப்புல, “பேங்க் கார்டை மாசம் 300க்கு வாடகைக்குக் கொடுங்க”ன்னு கேட்கிறார். அது என்னன்னே புரியலை.

தவணைப் புத்தகம் எழுதியது:

கார்டைக் கொடுக்காதீர்கள் அக்கா. மோசடிப் பணம் அந்தக் கணக்கு வழியாகத்தான் ஓடும், போலீஸ் தேடி வருவது கணக்குக்காரரின் வீட்டுக்கு. கணக்கை முடக்கிவிட்டால் சொக்சோ பணமும் அதில் இறங்காது. கார்டைக் கொடுத்ததே குற்றம். ஏற்கெனவே யாராவது கொடுத்திருந்தால் வங்கிக்கும் 997 என்ற மோசடிப் புகார் எண்ணுக்கும் உடனே கூப்பிடச் சொல்லுங்கள்.

சுவரில் ஒட்டும் சீட்டுக் கடனும் வேண்டாம். உரிமம் உள்ளவர் ஈடு இல்லாத கடனுக்கு வருடத்துக்கு 18 விழுக்காட்டுக்கு மேல் வட்டி வாங்கச் சட்டம் இடம் தராது. “வாரம் பத்து வெள்ளிக்கு ஒரு வெள்ளி” என்றால் வருடத்துக்கு 520 விழுக்காடு. கார்டையும் ரகசிய எண்ணையும் கேட்டாலே அது உரிமம் உள்ள கடை இல்லை.

மோட்டார் தவணையில் ஒரு மாதம் தவறினால் அடுத்த மாதத்தைத் தவறவிடாதீர்கள். தொடர்ந்து இரண்டு தவணை நின்றால் 21 நாள் நோட்டீஸ் கொடுத்துவிட்டு இழுத்துப் போகலாம். முக்கால் பங்குக்கு மேல் கட்டியிருந்தால் நீதிமன்ற உத்தரவு இல்லாமல் தொட முடியாது, கட்டிய ரசீதுகளைக் கூட்டிப் பாருங்கள். தவறுவதற்கு முன்பே நிதி நிறுவனத்துக்கு எழுதிக் கேட்பது நல்லது. கடன் ஒன்றுக்கு மேல் இருந்தால் ஏ.கே.பி.கே. என்ற கடன் ஆலோசனை நிறுவனத்தில் ஆலோசனை இலவசம், நாட்டின் மத்திய வங்கியான பேங்க் நெகாரா 2006இல் அமைத்தது.

கடைக் கொப்பியில் புதுக் கடனை இன்றோடு நிறுத்துங்கள். பழைய 400ஐ எட்டுச் சம்பளத்துக்கு 50 வீதம் என்று கடைக்காரரிடமே சொல்லி, ஒவ்வொரு தடவையும் அவர் கையெழுத்து வாங்குங்கள். கொப்பியில் எழுதும் கடைக்காரர் விலை சொல்லமாட்டார், நாமும் கேட்கமாட்டோம். செலவு கூடுவது அங்கேதான்.

ஈ.பி.எஃப். வளைந்துகொடுக்கும் கணக்கில் 2024 மே மாதத்திலிருந்து சந்தாவில் 10 விழுக்காடு சேர்கிறது. 50 வெள்ளியிலிருந்து எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம். சாமானுக்கு அதை எடுக்காமல், தவணை இரண்டாவது மாதமும் தவறும் நிலை வந்தால் மட்டும் எடுங்கள்.

வாசகசாலை எழுதியது:

செல்வி, படிப்பதைப் பற்றி நீங்கள் கேட்டதற்கு யாரும் இன்னும் பதில் எழுதவில்லை. தூக்கம் போனால் ஷிப்ட் வேலையில் கை நசுங்கும், அதனால் இதுவும் சின்ன விஷயம் இல்லை.

பொருளாதாரச் செய்தியில் பெரும்பகுதி உங்கள் வீட்டுக் கதவைத் தட்டாது. நாட்டின் உற்பத்தி தொடர்ந்து இரண்டு காலாண்டு சுருங்கினால் மந்தநிலை என்பார்கள். 1998, 2009, 2020இல் நாட்டின் உற்பத்தியே சுருங்கியது. ஆனால் 2020இல் நாடே முடங்கியபோது கையுறைத் தொழில் ஆள் போதாமல் ஓடியது. நோய் தணிந்து, கூடுதலாகக் கட்டிய லைன்களுக்கு ஆர்டர் இல்லாமல் போனபோது நாட்டுக் கணக்கு தேறியிருந்தது, கையுறைத் தொழில் சரிந்தது. தலைப்புச் செய்தியும் உங்கள் வீட்டுக்காரரின் லைனும் ஒரே திசையில் போக வேண்டியதில்லை. லாட்டெக்ஸ் டேங்கர் வாரத்துக்கு எத்தனை வருகிறது, எத்தனை கொன்டேனர் வெளியே போகிறது, வெளிநாட்டுத் தொழிலாளர் பெர்மிட்டைப் புதுப்பிக்கிறார்களா, பழுதான மெஷினுக்கு உதிரிபாகம் வாங்குகிறார்களா என்று அவரைக் கேளுங்கள். இந்த நான்கும் சொல்லாததை எந்த இணையச் செய்தியும் சொல்லாது.

பேங்க் நெகாரா வட்டி விகிதச் செய்தி வருடத்துக்கு ஆறு தடவை வரும். மிதக்கும் வட்டி வீட்டுக்கடன் இருந்தால் படியுங்கள். மோட்டார் தவணை நிலையான வட்டி, அதை இது தொடாது. சம்பளம், சொக்சோ, ஈ.பி.எஃப். விதி மாறும் செய்தியை மட்டும் பகலில், வெளிச்சத்தில், கையில் பேனாவோடு படியுங்கள். ராத்திரி எட்டு மணிக்கு மேல் செய்தி வேண்டாம், போனைச் சமையலறையில் சார்ஜுக்குப் போட்டுவிடுங்கள்.

பேப்பரை நிறுத்தாதீர்கள் என்றுதான் கேட்டுக்கொள்வேன். 1924இல் தொடங்கிய தமிழ் நேசன் 2019இல் நின்றுபோனது நம் எல்லாருக்கும் இழப்பு. மக்கள் ஓசையோ மலேசிய நண்பனோ மூன்று வீட்டுக்கு ஒன்று வாங்குங்கள். காலையில் ஒரு வீடு, மத்தியானம் ஒரு வீடு, சாயங்காலம் பிள்ளைகள் இருக்கும் வீடு என்று முறை வைத்துக்கொள்ளலாம். வேலை விளம்பரத்தை வெட்டி எடுப்பவர் கடைசியில் படிக்க வேண்டும். இது சண்டை வராமல் இருக்க.

மற்ற வாசிப்புக்குக் காசே வேண்டாம். மதுரைத் திட்டம் 1998 முதல் பழைய தமிழ் நூல்களை இணையத்தில் இலவசமாகத் தருகிறது. ஃப்ரீ தமிழ் ஈபுக்ஸ் தளத்தில் பெரும்பாலான புத்தகங்களுக்கு ஆறு அங்குலப் பி.டி.எஃப். இருக்கும், அதுதான் போன் திரைக்குச் சரி. ஏ4 அளவை இறக்கினால் எழுத்தைப் பெரிதாக்கி இழுத்து இழுத்தே கண் வலிக்கும். தேசிய நூலகத்தின் யு-புஸ்தாகாவில் பதிந்தால் மலாய், ஆங்கில மின்னூல்களை இரவல் எடுக்கலாம், பிள்ளைகளின் பள்ளிப் பாடத்துக்கு உதவும். டேட்டா தீராமல் இருக்க, பக்கத்தில் நாடி இணைய மையம் இருந்தால் அங்கே உட்கார்ந்து பத்துப் புத்தகத்தை ஒரேயடியாக இறக்கிக்கொள்ளுங்கள். சொக்சோ மனுவுக்கான தாள்களையும் அங்கேயே ஸ்கேன் செய்து ஏற்ற முடியும், அதற்காக ஈப்போவுக்கு ஓட வேண்டியதில்லை.

சிப்புட் செல்வி:

எல்லாத்தையும் கொப்பியில எழுதிட்டேன். ஒரே ஒரு சந்தேகம். கடிதமே கொடுக்காம சூப்பர்வைசர் வாட்ஸ்அப்புல, “நாளைல இருந்து வர வேண்டாம்”னு போட்டா?

சங்கக் கணக்கு:

அந்தச் செய்தியை அழிக்காதீர்கள். தேதியும் நேரமும் அனுப்பியவர் எண்ணும் தெரியும்படி திரையைப் படம் எடுத்து இன்னொரு போனுக்கும் அனுப்பி வையுங்கள். மறுநாள் வழக்கமான நேரத்துக்கு அவர் வேலைக்குப் போக வேண்டும். போகாவிட்டால் “தானாகவே வராமல் நின்றுவிட்டார்” என்று எழுதிவிடுவார்கள். கேட்டில் நிறுத்தினால் நேரத்தைக் குறித்து, கூட இருப்பவர் ஒருவரின் பெயரையும் எழுதிக்கொள்ளுங்கள். அன்றைக்கே கம்பெனிக்கு இரண்டு வரி: “இன்று காலை இத்தனை மணிக்கு வேலைக்கு வந்தேன், உள்ளே விடவில்லை, எழுத்தில் காரணம் தரவும்.” அந்த வாட்ஸ்அப் வந்த நாளையே நாள் எண்ணிக்கையின் தொடக்கமாக வைத்துக்கொள்ளுங்கள். இழப்பீடு தராவிட்டால் தொழிலாளர் இலாகா. நியாயமில்லாமல் நிறுத்தினார்கள் என்றால் தொழில் உறவு இலாகா, அதற்கும் 60 நாள்தான். சொக்சோவும் தொழில் உறவும் வேறு வேறு கதவுகள், ஒன்றில் மனுப் போட்டால் மற்றது நிற்காது, ஆகவே இரண்டுக்கும் தனித்தனியாகப் போடுங்கள். அறுபதாவது நாள் எதுவென்று காலண்டரில் இப்போதே வட்டம் போடும் பழக்கம் வேண்டும். சனி ஞாயிறில் விழுந்தால் முந்தைய வெள்ளிக்கே முடித்துவிடுங்கள்.